போய்ச்சுக்கின் தட்டை முகங்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உக்ரைனிய ஓவியர் மிகைலோ போய்ச்சுக் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு அவருடைய ஓவியங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். முகங்களெல்லாம் பழைய தேவாலயப் படங்களில் இருப்பதைப் போலத் தட்டையாக இருக்கின்றன. பிக்காசோ இருந்த காலத்துப் பாரிஸில் வாழ்ந்தவர் எதற்காக ஆயிரம் வருடம் பின்னால் போனார்? இதை எப்படி நவீன ஓவியம் என்கிறீர்கள்?

அவர் பாணியில் முட்டை டெம்பராவும் செய்து பார்த்தேன். கடையில் வாங்கிய கான்வாஸ். ஒரு முழு முட்டையை அடித்து, வண்ணப்பொடி கலந்து, எண்ணெய் வண்ணம் போலக் கனமாகத் தீட்டினேன். இரண்டே வாரத்தில் விரிசல் விட்டு உதிர்கிறது. எங்கே தவறு?

கே.

அன்புள்ள கே.,

உதிர்ந்த வண்ணத்திலிருந்தே தொடங்குகிறேன். முகம் ஏன் தட்டையாக இருக்கிறது என்ற கேள்விக்குப் பாதி பதில் அங்கேதான் இருக்கிறது.

கான்வாஸ்தான் முதல் தவறு. டெம்பரா காய்ந்தால் விறைத்துப்போகும். துணியோ ஈரத்துக்கும் வெயிலுக்கும் தொய்ந்து இழுபட்டுக்கொண்டே இருக்கும். விறைத்த வண்ணம் அதோடு சேர்ந்து அசைய முடியாமல் வெடிக்கிறது. கடைக் கான்வாஸில் பூசி வருவது அக்ரிலிக் பூச்சு. அது ஈரத்தை உறிஞ்சாது, எனவே வண்ணத்துக்குப் பிடிமானமும் கிடைக்காது. அடுத்தது வெள்ளைக்கரு. அது காய்ந்தால் நொறுங்கும். மஞ்சள்கருவில் எண்ணெய்ச்சத்து உண்டு, வண்ணத்தைக் கட்டிவைப்பது அதுதான். கனமாகத் தீட்டியது கடைசித் தவறு.

12 மி.மீ. பிளைவுட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு போதும். தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) 1 பங்கு, தண்ணீர் 10 முதல் 12 பங்கு (எடைக் கணக்கு). இரவெல்லாம் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். கொதிக்கவிட்டால் பசையின் வலு போய்விடும். பலகைக்கு ஒரு கை பசை பூசிக் காயவிட்டு, பழைய மெல்லிய பருத்தித் துணியைப் பசையில் நனைத்து அதன்மேல் ஒட்டுங்கள். பைசாந்திய மரபிலும், அதாவது பழைய கிழக்கு ரோமப் பேரரசின் தேவாலய ஓவிய மரபிலும், துணி ஒட்டும் வழக்கம் உண்டு. மரம் அசைந்தால் அந்த அசைவு மேலே இருக்கும் பூச்சுக்கு நேராகப் போகாமல் துணி தாங்கிக்கொள்ளும்.

பிறகு சுண்ணப்பொடி (கால்சியம் கார்பனேட், நீற்றிய சுண்ணாம்பு அல்ல). வெதுவெதுப்பான பசையில் சல்லடையால் தூவுங்கள். பொடி நீர்மட்டத்தைத் தொடும்போது நிறுத்திவிட்டு மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்றுக்குமிழ் ஏறும். காய்ந்த பிறகு பூச்சு முழுக்க ஊசித்துளை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டாம், அது பாத்திரத்திலேயே இறுகிவிடும். மெல்லிய பூச்சாக 8 முறை, ஒருமுறை நெடுக்கு, மறுமுறை குறுக்கு. முந்தைய பூச்சின் பளபளப்பு மங்கியதும் அடுத்ததைப் பூசலாம். பசையை நடுவில் கெட்டியாக்காதீர்கள். மேல்பூச்சு கீழ்ப்பூச்சைவிட வலுவாக இருந்தால் அதை இழுத்துப் பிளந்துவிடும். சில நாள் காயவிட்டு உப்புத்தாளால் தேய்த்தால் தந்தம் போல வழவழப்பாக வரும்.

மஞ்சள்கருவை ஒரு உள்ளங்கையிலிருந்து மறு உள்ளங்கைக்கு உருட்டி, இடையிடையே கையைத் துடைத்துக்கொண்டால் வெள்ளைக்கரு மிச்சமில்லாமல் போகும். பிறகு மேல்தோலை இரு விரலால் தூக்கிப் பிடித்துக் கீழே குத்துங்கள். கரு கிண்ணத்தில் வடியும், தோலை எறிந்துவிடலாம். அதே அளவு தண்ணீர், சில சொட்டு வினிகர். வண்ணப்பொடியைத் தண்ணீரில் குழைத்த விழுதும் இந்தக் கருநீரும் ஏறக்குறைய சம அளவு. அளவு சரியா என்று பார்க்க, கண்ணாடித்துண்டில் ஒரு தீற்றல் போட்டுக் காயவைத்து பிளேடால் சுரண்டுங்கள். நாடாவைப் போல உரிந்து வந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் கரு போதவில்லை. அன்று கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

இப்போது தூரிகையை வைத்துப் பாருங்கள். தீற்றல் சில நொடியில் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணத்தில் செய்வதுபோல ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் இழைக்க முடியாது. ஈரத் தூரிகையால் மறுபடி தேய்த்தால் கீழே உள்ளதும் பெயர்ந்து வரும். மெல்லிய கோடுகளை அடுக்கி அடுக்கித்தான் உருவத்தைத் திரட்ட வேண்டும். ஐகான் மரபில், அதாவது தேவாலயப் புனிதர் படங்களில், முகம் முழுக்க முதலில் பச்சை கலந்த பழுப்பைப் பூசுவார்கள். அதன்மேல் காவி நிறங்கள் படிப்படியாக வெளுத்துக்கொண்டே ஏறும். கண்ணுக்குக் கீழே, மூக்குத்தண்டில், கடைசியாகச் சில வெள்ளைக் கோடுகள். பக்கவாட்டிலிருந்து ஒரு விளக்கு முகத்தில் விழுவதைப் போன்ற நிழலுக்கு அங்கே இடமில்லை. நீங்கள் ‘தட்டை’ என்று சொல்வது இந்த ஒழுங்கைத்தான்.

போய்ச்சுக் பைசாந்தியத்திடம் எடுத்துக்கொண்டது இந்த வேலைமுறையை. 1882-இல் இன்றைய மேற்கு உக்ரைனில் அடங்கும் கலீசியாவில், ரொமானிவ்கா என்ற ஊரில் பிறந்தவர். கிராக்கோவ் கலைக் கழகத்தில் படித்து, மியூனிக் வழியாகப் பாரிஸ் போனார். எண்ணெய் ஓவியப் பயிற்சி அவருக்குக் குறைவில்லை. 1910-இல் சுயேச்சை ஓவியர்களின் கண்காட்சியில் மிக்கோலா கஸ்பெரோவிச், சோபியா செக்னோ ஆகியோருடன் சேர்ந்து ‘பைசாந்தியப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் ஓவியங்களை வைத்தார். தனிமேதையின் கையெழுத்துக்கு விலை ஏறிக்கொண்டிருந்த நகரத்தில் ஒரு பட்டறையாக வந்து நின்றார்கள். அவருடைய நவீனத்துவம் என்று நான் மதிப்பது இந்தத் துணிச்சலை. பிறகு மேற்கு உக்ரைனின் லிவிவ் நகருக்குத் திரும்பி, அங்கிருந்த தேசிய அருங்காட்சியகத்தில் பழைய ஐகான்களைச் சீர்ப்படுத்தும் வேலை செய்தார். அழுக்கும் பழைய வார்னிஷும் நீங்கும்போது கீழே இருக்கும் பூச்சடுக்குகளைக் கண்ணெதிரே பார்ப்பதைவிட நல்ல பாடம் ஓவியனுக்கு வேறு கிடைக்காது.

1917 இறுதியில் கீவில் உக்ரைனியக் கலைக் கழகம் தொடங்கியபோது அதன் நிறுவனப் பேராசிரியர்களில் அவரும் ஒருவர். அந்த நகரத்தில்தான் 11-ஆம் நூற்றாண்டு மொசைக்குகளும் சுவரோவியங்களும் கொண்ட புனித சோபியா தேவாலயம் இருக்கிறது. மாணவர்களை அவர் சுவருக்குக் கூட்டிப்போனார். நீற்றிய சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டுவது பிரெஸ்கோ. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் சேர்த்துப் பூட்டிக்கொள்ளும். கைவசம் சில மணி நேரம்தான். அன்று தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே அன்று பூச வேண்டும், மிச்சப் பூச்சை வெட்டி எடுத்துவிட வேண்டும். மறுநாள் ஒட்டு தெரியாமலிருக்க அந்த வெட்டை உருவத்தின் வெளிக்கோட்டோடு கொண்டுபோவார்கள். பிரஷ்ய நீலம் போன்ற நிறங்களைச் சுண்ணாம்பின் காரம் தின்றுவிடும், எனவே காவி, மண்பச்சை, கரிக் கருப்பு, சுண்ணாம்பு வெள்ளை. தெளிவான வெளிக்கோடு, பெரிய எளிய வடிவங்கள், குறைந்த நிறங்கள், பல கைகள் சேர்ந்த உழைப்பு: ‘போய்ச்சுக்கியம்’ என்று பின்னால் பெயர் வாங்கியதெல்லாம் சுவரே கேட்டு வாங்கியவை. அந்த ஒழுங்கில் அவர்கள் தீட்டியது குடியானவர்களை, தொழிலாளிகளை, அறுவடையை.

1919-இல் கீவின் லுட்ஸ்க் படைவீரர் குடியிருப்பு, 1927–28-இல் ஒடெசா அருகே விவசாயிகளின் சானடோரியம் (சிகிச்சை ஓய்வில்லம்), 1933–35-இல் கார்கிவ் நகரின் செர்வோனோசாவோட் நாடக அரங்கம் என்று சுவர்கள் தொடர்ந்தன. கார்கிவ் வேலையின்போதே, சோவியத் அரசு கலைஞர்கள்மேல் சுமத்திய சோசலிச யதார்த்தவாதப் பாணியின் நெருக்கடி அவர்கள் கோடு போடும் விதத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. 1936 நவம்பரில் போய்ச்சுக் கைதானார். 1937 ஜூலை 13 அன்று அவரும், அவருடைய மாணவர்களான இவான் படால்க்கா, வசில் செட்லியார் இருவரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய மனைவி, மரச்செதுக்கு ஓவியர் சோபியா நாலெபின்ஸ்கா-போய்ச்சுக்கும். பலகையைத் தூக்கி ஒளித்துவைக்கலாம், சுவரை முடியாது. அந்தச் சுவர்களை நாம் இன்று பழைய புகைப்படங்களில்தான் அறிகிறோம். லிவிவில் விட்டுப்போன சிறு டெம்பராக்களை ஓவியர் யாரோஸ்லாவா முசிகா பாதுகாத்து வைத்திருந்ததால்தான் அவருடைய கைவண்ணத்தை நேராகப் பார்க்க முடிகிறது.

அந்தச் சிறு பலகைகளின் படங்களைத் தேடி, திரையில் எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, கன்னத்தை மட்டும் பாருங்கள். கோடுகள் எந்தத் திசையில் போகின்றன, எது எதன்மேல் ஏறியிருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு உங்கள் பிளைவுட் துண்டில் ஒரு கன்னம் மட்டும் தீட்டி எனக்கு அனுப்புங்கள்.