பாட்டி தலையாட்டினால் உடனே நம்பிவிடாதே, தம்பி

தம்பி, அடுத்த வாரம் இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில் வேலைக்குச் சேரப் போவதாக எழுதியிருக்கிறாய். வாடகை எவ்வளவு ஆகும், குளிருக்கு எந்த கோட் நல்லது, கார் லைசென்ஸ் எடுக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று: "பயிற்சியில் மென்டல் கெப்பாசிட்டி ஆக்ட் என்று ஒரு வீடியோ போட்டார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. மறதி நோய் உள்ளவர் குளிக்க மாட்டேன், மாத்திரை வேண்டாம் என்றால் என்ன செய்வது? அது அவ்வளவு முக்கியமா அக்கா?"

வாடகை ஊருக்கு ஊர் மாறும். கோட்டைச் சாரிட்டி கடையில் வாங்கு. லைசென்ஸ் கட்டாயம் எடு, ஞாயிற்றுக்கிழமை காலை ஷிஃப்ட்டுக்கு பஸ்ஸை நம்ப முடியாது. இது போதும். அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் 2006 நவம்பரில் வந்தேன். நாகர்கோவிலில் ஆறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, இங்கே தென்கடற்கரையில் ஒரு சின்ன ஊரில் சீனியர் கேரர். நம் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னால் சொன்னதுதான். அதே மிதப்போடு வந்தேன். அங்கே சர்க்கரை நோய் உள்ள பெரியவர் ஒருவர், மூளை படு தெளிவு, கால்தான் வராது. தினமும் மாலை டீயோடு நாலு பிஸ்கட். நான் அன்பு மிகுதியில் டப்பாவை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். "தாத்தா, உங்கள் நல்லதுக்குத்தான்." மறுநாள் அவர் நடுங்கும் கையால் ஒரு பக்கம் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். திருடி விட்டேன் என்று! அழுகையே வந்துவிட்டது. மேனேஜர் கூப்பிட்டு வைத்துப் பேசியதை இன்னும் மறக்கவில்லை. ஒரு ஷிஃப்ட்டுக்கு முப்பது பேருக்கு மூன்று பேரைப் போட்டு வேலை வாங்கிய அந்த அம்மாவுக்குப் பிஸ்கட்டில் மட்டும் சட்டம் நினைவுக்கு வந்தது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தப்பு என் மேல்தான்.

நீ கேட்ட அந்த மென்டல் கெப்பாசிட்டி ஆக்ட், அதாவது முடிவெடுக்கும் திறன் பற்றிய 2005ஆம் ஆண்டுச் சட்டம், அடுத்த வருடம் அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும். ஸ்காட்லாந்துக்கு வேறு சட்டம், அங்கே போனால் தனியாகப் படி. எங்களுக்கு போட்டோகாப்பி எடுத்துக் கொடுத்தார்கள். 16 வயது நிரம்பிய யாரும் தன் காரியத்தைத் தானே முடிவு செய்யக்கூடியவர் என்றுதான் தொடங்க வேண்டும். முடியாது என்கிறவன்தான் அதைக் காட்ட வேண்டும். ஒருவர் எடுக்கும் முடிவு நமக்கு முட்டாள்தனமாகப் படுகிறது என்பதற்காக அவருக்கு அறிவில்லை என்று ஆகிவிடாது. அதைப் படித்தபோது பிஸ்கட் தாத்தா முகம்தான் வந்தது.

கெப்பாசிட்டி என்பது ரேஷன் கார்டு மாதிரி ஒருவருக்கு உண்டு, இல்லை என்று ஒரேயடியாக எழுதி ஒட்டுவதில்லை. இந்த முடிவு, இந்த நேரம், அவ்வளவுதான் கேள்வி. காலையில் நீலச் சட்டையா வெள்ளையா என்று சொல்கிற மனிதருக்கு வீட்டை விற்கிற கணக்கு புரியாமல் இருக்கலாம். சொன்னது விளங்குகிறதா, முடிவெடுக்கும் வரை நினைவில் நிற்கிறதா, இப்படிச் செய்தால் அப்படி ஆகும் என்று எடைபோட முடிகிறதா, முடிவை எப்படியாவது தெரிவிக்க முடிகிறதா. கண் சிமிட்டிச் சொன்னாலும் சொன்னதுதான். இதில் ஏதாவது ஒன்று முடியவில்லை, அதற்கு மூளையின் கோளாறுதான் காரணம் என்றால்தான் அடுத்த கட்டம். அதற்கு முன்னால், அவர் தானே முடிவெடுக்க நம்மால் ஆன உதவி எல்லாம் செய்தாயிற்றா என்று சட்டம் கேட்கும். நம் ஆட்கள் வழுக்குகிற இடம் அது.

ஒரு பாட்டியைப் பார்க்க சோஷியல் வொர்க்கர் வந்தார். வீட்டுக்குத் திரும்புகிறீர்களா, இங்கேயே இருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். பாட்டி எல்லாவற்றுக்கும் "யெஸ் டியர்" என்று சிரித்துத் தலையாட்டினார். வீட்டுக்குப் போகிறீர்களா? யெஸ் டியர். இங்கே இருக்கிறீர்களா? யெஸ் டியர். வந்தவர் பேனாவை எடுத்துவிட்டார். நான் டீ கொண்டு போனவள், பாட்டியின் காதைப் பார்த்தேன். காது மெஷினைக் காணோம். மேஜை டிராயரில், பல்செட் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு, புதியதில் ஒட்டியிருந்த ஆரஞ்சு ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்து (அந்தச் சின்ன பேட்டரி காற்றுப் பட்டால்தான் உயிர் பிடிக்கும்), காதில் மாட்டினேன். விசிலடித்து அடங்கியது. மறுபடி கேட்டார்கள். பாட்டி சிரிப்பை நிறுத்திவிட்டு, "மாடிப்படி எனக்கு ஆகாது. ஆனால் என் பூனையை யார் வைத்துக்கொள்வார்கள் என்று முதலில் சொல்லுங்கள்" என்றார்.

மூக்குக் கண்ணாடி, காது மெஷின், பல்செட், மூத்திரத் தொற்று, வலி, தூக்கம். யாரையும் குழம்பியவர் என்று எழுதுமுன் இவற்றைப் பார். சாயங்காலம் குழம்புகிறவரிடம் காலை பத்து மணிக்குக் கேள். ஒரே மூச்சில் நாலு கேள்வி கேட்காதே. வாயில் வரவில்லையா, இரண்டு சட்டையையும் தூக்கிக் காட்டு.

குளிக்க மாட்டேன் என்றால்? விட்டுவிடு. அரை மணி கழித்துப் போ, வேறு ஆளை அனுப்பு. தண்ணீர் ஊற்றுவதே சிலருக்குப் பயம், துணியால் துடைத்துக்கொள்வார்கள். கையைப் பிடித்து இழுத்தாயானால் அது குளியல் இல்லை, சேஃப்கார்டிங் கேஸ், துன்புறுத்தல் புகார். முடிவெடுக்க முடியாதவர் என்றே ஆனாலும், அவருக்கு எது நல்லது என்பதை அவர் பழைய விருப்பம், நம்பிக்கை எல்லாம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதிலும் அவரைக் குறைவாகக் கட்டிப்போடுகிற வழி எதுவோ அது. அப்படிப்பட்டவரைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிற ஒருவர் அவரைத் துன்புறுத்தினாலோ வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ சட்டத்தின் 44ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. மேனேஜர் சொன்னார் என்பது உன்னைக் காப்பாற்றாது.

மாத்திரையும் அப்படியே. வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறவருக்குத் தெரியாமல் கஸ்டர்டில் பொடித்துப் போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செய்யாதே. அவருக்கு அந்த முடிவை எடுக்க முடியவில்லை என்று பார்த்து எழுதி, டாக்டர், பார்மசிஸ்ட், குடும்பம் எல்லோரும் பேசி முடிவெடுத்த பிறகுதான் அப்படி. சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. பதிவேட்டில் "மறுத்தார்" என்று ஒற்றைச் சொல்லோடு முடிக்காதே. என்ன சொன்னார், அதை அவர் வார்த்தையிலேயே எழுது. "கசக்கிறது" என்றாரா, "விஷம் வைக்கிறீர்கள்" என்றாரா? இரண்டும் ஒன்றில்லை.

வாசல் கதவில் எண் அழுத்தும் பூட்டு இருக்கும். அதைக் கடந்து போக விடாமல், எந்நேரமும் கண்காணிப்பில், முடிவெடுக்க முடியாத ஒருவரை வைத்திருப்பதற்குக் கவுன்சிலின் அனுமதி வேண்டும், ஒரு வருடத்துக்கு மேல் ஒரே அனுமதி ஓடாது. டோல்ஸ் என்பார்கள். 2014இல் இங்கே உச்ச நீதிமன்றத்தில் ஹேல் என்ற நீதிபதி, தங்கக் கூண்டும் கூண்டுதான் என்றார். நம் ஊரில் கிளி வளர்த்தவனுக்கு விளக்கவே வேண்டாம்.

அப்புறம், பிள்ளைகள். மகன் என்பதற்காக அவர் சொல்வது சட்டமாகிவிடாது. லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி என்று ஒரு பத்திரம், பணம் சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று. பப்ளிக் கார்டியன் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பணத்துக்கான பத்திரத்தைக் காட்டி ஆஸ்பத்திரி முடிவெடுக்க வருவார்கள், ஏமாறாதே. நீ எந்தத் தாளிலும் சாட்சிக் கையெழுத்துப் போடாதே, உயிலாவது செக்காவது. முடிவெடுக்க முடியாத, யாருமே இல்லாத பெரியவர் இருந்தால், பெரிய சிகிச்சைக்கோ இடமாற்றத்துக்கோ அவர் பக்கம் பேச இம்கா என்று ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். ஏற்பாடு செய்தாயிற்றா என்று மேலே இருப்பவர்களுக்கு நினைவுபடுத்து.

இதையெல்லாம் நம் ஆட்கள் பயிற்சி வீடியோவை ஓடவிட்டு, பக்கத்தில் சாம்பார் கொதிக்கவிட்டு, கடைசியில் பதிலை வாட்ஸாப்பில் வாங்கிப் பாஸ் பண்ணுகிறார்கள். வந்து ஆறு மாதத்தில் யூடியூபில் "யுகே கேர் ஜாப் ஈஸி" என்று பேசவும் தொடங்கிவிடுகிறார்கள். ஏஜென்ட்டுக்கு லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு வந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, ஸ்பான்சர் போய்விடுவானோ என்ற பயத்தில் மேலே இருப்பவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள். இப்போது நான் இதே பாடத்தைப் புதியவர்களுக்கு நடத்துகிறேன், என் தமிழ் நெடியடிக்கிற ஆங்கிலத்தில்தான். ஒருவரும் தூங்கியதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 2011இல் லீவில் ஊருக்குப் போனேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு குழறியிருந்தது. தபால் ஆபீஸில் முப்பது வருடம் கையெழுத்துப் போட்டவர், அழகான கையெழுத்து. வலது கை விழுந்துவிட்டது, இடது கையால் கிறுக்கலாகப் பேர் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். வீட்டை விற்றுவிட்டு அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போவதாக அண்ணன்கள் முடிவு செய்திருந்தார்கள். பத்திரம் வந்தது. இடது கையால் எழுத நேரமாகும், கைநாட்டு போதும் என்றார் பெரியண்ணன். அப்பா என்னைப் பார்த்தார். நான்கு வருடம் மற்றவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொன்னவள், வைத்தியச் செலவெல்லாம் அண்ணன்தானே பார்க்கிறார் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். எல்லோரும் போன பிறகு, தேங்காய் எண்ணெய் தொட்டு அப்பாவின் பெருவிரல் மையைத் துடைத்துவிட்டது நான்தான்.