சிஸ்டமா, பெல்ட் இல்லாத பயிற்சி – கடிதம்

அன்புள்ள ஐயா,

டொரொண்டோவில் இருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்லூரிக் காலத்தில் கராத்தே கற்று பிரவுன் பெல்ட் வரை போனவன். இங்கே ஒரு வருடமாக சிஸ்டமா என்ற ரஷ்யத் தற்காப்புக் கலை வகுப்புக்குப் போகிறேன். பெல்ட், தேர்வு, கட்டா என்ற வரிசை அசைவுப் பயிற்சி எதுவும் கிடையாது. மெதுவாகத் தண்டால் எடு, மூச்சைக் கவனி என்கிறார்கள். நான் முன்னேறுகிறேனா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? தொடாமலே ஆளை விழவைக்கும் வீடியோக்களைப் பார்த்தால் எல்லாமே ஏமாற்றோ என்றும் தோன்றுகிறது. நீங்கள் இந்தப் பயிற்சி செய்பவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் வீடியோ விஷயத்தை முடித்துவிடுவோம். தொடாமல் ஆளை வீழ்த்துவதை நான் நம்பவில்லை. ஒரே ஆசிரியரிடம் நெடுநாள் பயில்பவர்கள் அவர் கை அசைந்தாலே உடம்பை விட்டுக்கொடுக்கப் பழகிவிடுகிறார்கள். முன்பின் தெரியாத, விழ விருப்பமில்லாத ஒருவனிடம் அது செல்லாது. சிஸ்டமா ஆயிரம் ஆண்டுப் போர்க்கலை என்று சொல்லப்படும் கதையையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று சிஸ்டமா என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றது. ரஷ்யாவின் க்ராஸ்னதார் நகரில் அலெக்ஸி கதோச்னிகோவ் அதை இயக்கவியலாக, நெம்புகோல் கணக்காகப் பார்த்தார். மாஸ்கோவில் மிகயில் ரியாப்கோ மூச்சிலிருந்து தொடங்கினார். ரியாப்கோவின் மாணவர் விளாதிமிர் வசீலியெவ் 1993இல் உங்கள் ஊரில் பள்ளி ஆரம்பித்த பிறகுதான் வெளிநாடுகளில் இது பரவியது. உங்கள் வகுப்பும் அந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும்.

அந்த வழியில் அடிப்படை நான்கே: மூச்சு, தளர்வு, நிமிர்ந்த முதுகு, தடைபடாத அசைவு. சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும், ஆனால் அந்தத் தண்டாலை நிஜமாகச் செய்து பாருங்கள். முஷ்டிகளைத் தரையில் ஊன்றி, மூக்கால் இழுத்து வாயால் விட்டபடி, இருபது எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். பாதி வழியிலேயே தாடை இறுகும், தோள்கள் காதை நோக்கி ஏறும், நமக்குத் தெரியாமலே மூச்சு நின்றுபோயிருக்கும். யாரும் அடிக்கவில்லை, எதிரில் இருப்பது வெறும் தரை, அதற்கே உடம்பு இப்படி அரண்டுபோகிறது. மேலதிகாரி கூப்பிட்டாலும், ரோட்டில் ஒருவன் கை ஓங்கினாலும் இதே தாடைதான், இதே தோள்தான். அந்த நேரத்தில் சின்னச் சின்னதாக வாயால் ஊதி விட்டுக்கொண்டே இருந்தால் இறுக்கம் ஒவ்வோர் இடமாகக் கழன்று வரும். இதில் மாயம் ஏதுமில்லை, வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும் என்பது சாதாரண உடலியல். தண்டாலின் எண்ணிக்கை இங்கே எனக்குப் பெரிதாகப் படவில்லை, இறுக்கம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதற்குத்தான் அவ்வளவு மெதுவாக இறங்கச் சொல்கிறார்கள்.

அப்புறம் அடி வாங்கும் பயிற்சி. கூட்டாளி முஷ்டியை உங்கள் நெஞ்சில் வைத்து முதலில் தள்ளுவார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடியாக மாற்றுவார். முஷ்டி வந்து சேருமுன்பே பயம் வந்துவிடுவதை அங்கே கண்ணாரப் பார்க்கலாம். அடி பட்டதும் அடுத்து வருவது கோபம். இப்போது நீங்கள் அடிக்கும் முறை, வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கொடுக்கக் கை துடிக்கும். ரியாப்கோ ஆழ்ந்த ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர், அவர் வழியில் அகந்தையையும் கோபத்தையும் பலவீனமாகவே பார்க்கிறார்கள். அதனால் கறுவிக்கொண்டு அடிக்காமல் இருப்பதும் பாடத்தின் ஒரு பகுதி. மெதுவாகச் செய்யும் சண்டைப் பயிற்சியிலும் இதுவே நடக்கும். தோற்கப்போகிறோம் என்று தெரிந்த கணத்தில் கை தானாக வேகமெடுக்கும், கராத்தேயில் புள்ளி எடுத்துப் பழகியவர்களுக்கு இன்னும் அதிகமாக. கூட்டாளியின் வேகத்தைவிட உங்கள் வேகம் கூடிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பயம் ஒளிந்திருப்பது அங்கேதான்.

சரி, எதை வைத்து அளப்பது? இறுகியதற்கும் இறுகிவிட்டோம் என்று தெரிவதற்கும் இடையிலான நேரத்தை வைத்துத்தான். ஆரம்பத்தில் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு தெரியும், பிறகு அந்தப் பயிற்சி முடிந்ததும், நாளடைவில் அடி விழும்போதே. இதற்குச் சான்றிதழ் தர யாருமில்லை என்றாலும் உங்கள் கூட வாழ்பவர்களுக்குத் தெரியும். சண்டை வந்தால் குரல் உயர்கிறதே, அது முன்பைவிடச் சீக்கிரம் இறங்குகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள்.

ஆனால் இவ்வளவும் இருந்தும் ஒன்று மிச்சமிருக்கிறது. ஒத்துழைக்கும் கூட்டாளியோடு மட்டுமே பழகியவனுக்கு, ஒத்துழைக்காதவனை எப்படிக் கையாள்வது என்று தெரியாது. சிஸ்டமாவில் போட்டி கிடையாது. அதே நாட்டில் பிறந்து 1938இல் சோவியத் அரசின் அங்கீகாரம் பெற்ற சாம்போ என்ற மல்யுத்தக் கலையில் உண்டு. அங்கே எதிராளி உங்கள் மேலங்கியைப் பிடித்துத் தூக்கி எறிவான், காலை முறுக்கிப் பூட்டுவான், விழக்கூடாது என்று உண்மையாகவே போராடுவான். பக்கத்தில் சாம்போ கிளப் இருந்தால் அவ்வப்போது போங்கள், இல்லையென்றால் ஜூடோ. சிஸ்டமாவை விடச் சொல்லவில்லை. சிஸ்டமாவில் கற்ற மூச்சு அங்கே மூச்சுமுட்டும்போது கைகொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து தொடருங்கள். அப்படிச் சோதிக்கவே கூடாது என்று தடுக்கும் ஆசிரியரிடம் தொடர வேண்டாம்.

கடைசியாக, மூச்சடக்கும் பயிற்சிகளும் வகுப்பில் வரும். உங்கள் வயதில் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். தலை சுற்றும்வரை அடக்க வேண்டியதில்லை, தண்ணீருக்குள் தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள்.