ஊருக்கு வந்தால்தான் ஓட்டா?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். பதினான்கு வருடங்களாக ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. "ஊரில் இல்லாதவனுக்கு ஓட்டு எதற்கு?" என்று என் தாய்மாமாவே கேட்கிறார். கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்ட என் பெரியப்பா மகனோ, ஓசிஐ அட்டை (பிறநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் 'வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை' அட்டை) வைத்திருக்கும் தனக்கும் ஓட்டு வேண்டும், கைபேசியிலேயே போட வசதி வேண்டும் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?

ஒரு வாசகர், ஷார்ஜா

*

அன்புள்ள நண்பருக்கு,

இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. மாமாவின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது: ஆட்சியின் பலனை அனுபவிப்பவன்தான் ஆட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் நீங்கள் அனுபவிக்கவில்லை என்று யார் சொன்னது? பத்தாவது தேறாத ஒருவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். எந்த ஏஜெண்ட் ஆள் அனுப்பலாம், சம்பளம் வராவிட்டால் தூதரகம் எவ்வளவு தூரம் தலையிடும் என்பதெல்லாம் டெல்லியில் முடிவாகிறது. 2024இல் மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்து எட்டாம் நாள், ஜூன் 12 அன்று, குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்தது. நாற்பத்தைந்து இந்தியர்களின் உடல்களை விமானப்படை விமானம் கொண்டுவந்தது. ஏழு பேர் தமிழர்கள். அப்படிப்பட்ட கட்டடங்களில் படுத்துறங்குகிறவர்களுக்கு இந்திய அரசு அமைவதில் பங்கில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்னொன்றையும் மாமாவிடம் சொல்லுங்கள். உங்களைப் போன்ற ஒரு தொழிலாளி அங்கே நாற்பது வருடம் உழைத்தாலும் அந்த நாட்டுக் குடிமகனாகப் போவதில்லை. இங்கே போடாவிட்டால் உங்களுக்கு உலகில் எங்குமே ஓட்டு இல்லை. லண்டனில் வசிக்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கூட, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். உங்களுக்கு அந்த வாசலும் இல்லை.

உங்கள் அண்ணனின் நிலை வேறு. அவர் மனமறிந்து கனடாவின் குடிமகனானார். அங்கே அவருக்கு ஓட்டு உண்டு. நம் அரசமைப்பின் 9ஆம் பிரிவு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஓசிஐ அட்டையின் பெயரில் குடியுரிமை என்ற சொல் இருந்தாலும் நடைமுறையில் அது நீண்டகால விசாதான். ஊர்மேல் அவருக்குள்ள பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இங்கே தவறான ஆட்சி வந்தால் அவர் திரும்பி வந்து அதன்கீழ் வாழ வேண்டிய கட்டாயமில்லை. உங்களுக்கு விசா முடிந்த மறுநாளே அந்தக் கட்டாயம் வந்துவிடும். இரட்டைக் குடியுரிமையை ஏற்கும் இலங்கைகூட, அத்தகையவர்கள் நாடாளுமன்ற உறுப்பினராகக் கூடாது என்று 2022இல் 21ஆம் திருத்தத்தின் மூலம் மறுபடி தடுத்துவிட்டது.

சட்டம் உங்களுக்கு ஓட்டுரிமை கொடுத்துத்தான் இருக்கிறது. 2010இல் செய்த திருத்தத்தின்படி, வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத வெளிநாடுவாழ் இந்தியர்கள் 2011 முதல் பட்டியலில் சேரலாம். ஆனால் ஓட்டுப் போட ஊருக்கு நேரில் வந்தாக வேண்டும். போன மக்களவைத் தேர்தலன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் ஒருவர் பாஸ்போர்ட்டை பாலிதீன் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். தங்கை கல்யாணத்துக்காகத் துபாயிலிருந்து வந்தவர். வாக்காளர் அட்டை எங்கே என்று அலுவலர் கேட்டார். இல்லை, பாஸ்போர்ட்தான் என்றார் இவர். பட்டியலை முன்னும் பின்னுமாகப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் தனியாக இருந்த அவர் பெயரைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்ததும் மை வைத்த விரலைப் படமெடுத்துத் தன் அறைக்கூட்டாளிகளுக்கு அனுப்பினார். கல்யாணம் அந்த மாதத்தில் வந்திராவிட்டால் அந்த ஓட்டு இல்லை.

2024இல் வெளிநாடுவாழ் வாக்காளர்களாகப் பதிந்தவர்கள் 1,19,374 பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். அவர்களில் 2,670 பேர் கேரளத்தவர். அங்கே தேர்தல் நேரத்தில் ஆதரவாளர்களைக் கூட்டமாக அழைத்துவரும் 'வோட்டு விமானம்' என்ற பேச்சே உண்டு. விமான டிக்கெட்டை உரிமைக்கு நிபந்தனையாக்கினால், டிக்கெட் எடுத்துத் தர ஆள் உள்ளவருக்குத்தான் அந்த உரிமை போய்ச்சேரும். எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான்.

கைபேசி ஓட்டு எனக்குப் பயமாக இருக்கிறது. எட்டுப் பேர் படுக்கும் அறையில், பக்கத்தில் மேஸ்திரி உட்கார்ந்திருக்க, ரகசிய வாக்கு எப்படி நடக்கும்? ஊரில் உள்ள ஒருவர் உங்களுக்குப் பதிலாகப் போடலாம் என்ற மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறி, அவை கலைந்ததும் காலாவதியானது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஓட்டுக்குப் பணம் கொடுக்கிற ஊரில், ஒரே கையில் இரண்டு ஓட்டு இருந்தால் விலை பேசுவது இன்னும் சுலபம். நான் கேட்பது இதுதான்: தூதரகத்தில், திரை மறைவில், நீங்களே போட வழி வேண்டும். பிலிப்பைன்ஸ் 2003இல் சட்டம் இயற்றி, 2004 முதல் தன் மக்களை வெளிநாட்டிலிருந்தே வாக்களிக்க வைக்கிறது. நம் ராணுவத்தினருக்கு 2016 முதல் வாக்குச்சீட்டு மின்னணு வழியில் போகிறது. அவர்கள் அதை அச்சிட்டு, முத்திரையிட்டு, தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். வழி தெரியாத தேசமல்ல நம்முடையது.

அதுவரை ஒன்று செய்யுங்கள். படிவம் 6ஏ-வை நிரப்பிப் பதியுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரி எந்தத் தொகுதியோ அங்கேதான் பெயர் சேரும். பழைய வாக்காளர் அட்டை இருந்தால் ஒப்படைக்க வேண்டியிருக்கும். பதிந்தவர்களே ஒரு லட்சத்து சொச்சம் என்றால் எந்தக் கட்சி நமக்காகப் பேசும்? உங்கள் அறையில் எத்தனை பேர் பதிந்தார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.