இங்கிலாந்துல வயசானவங்க வீட்டுலயே இருக்க சோஷியல் கேர் எப்படி உதவுது?

சோஷியல் கேர்னா மருந்து மாத்திரை இல்லைங்க, குளிக்க, உடுத்த, சாப்பிட, எழுந்து நடக்க கை கொடுக்கறது. பாத்ரூம்ல ஒரு தடவை வழுக்கி விழுந்தாலே போதும், பயத்துல நடையே குறைஞ்சிடும், அப்புறம் தனியா இருக்க முடியாத நிலை வந்துடும், அதைத் தடுக்கத்தான் 2014 கேர் ஆக்ட்ங்கிற சட்டப்படி உள்ளூர் நிர்வாகமான கவுன்சில்ல என்ன தேவைன்னு பாத்து டாய்லெட் பக்கத்துல கைப்பிடி, காலைல குளிப்பாட்டி விட ஒரு கேரர்னு ஏற்பாடு பண்றாங்க. வீட்டுல பண்ற, 1000 பவுண்டுக்குள்ள வர்ற சின்ன மாற்றங்களுக்கு நாம காசு கட்ட வேண்டாம். கொடிக்குப் பந்தல் போடுற மாதிரிதான், வளர்றது கொடிதான், பந்தல் தாங்குது அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தவங்களுக்குத் தேவைப்பட்டா 6 வாரம் வரைக்கும் இலவசமா, தானே எழுந்து டீ போட்டுக் குடிக்கிற அளவுக்குப் பழக்கி விடுவாங்க, எனக்கு இதுதான் ரொம்பப் பெரிய விஷயமா படுது.

காசு இல்லாதவங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சு நிறைய பேர் கேக்காமலே விட்டுடறாங்க, அப்படி இல்ல, தொடர்ந்து வர்ற கேரருக்குத்தான் வருமானம், சேமிப்பு பாப்பாங்க, தேவையைப் பாக்குற அசெஸ்மென்ட் எல்லாருக்கும் இலவசம்.