ஐந்து சீருடைகள்

அன்புள்ள ஐயா,
வேலை மாறி பிலடெல்பியா வந்ததும் ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகனாகிவிட்டேன். பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போது ஸ்டீஃபன் விஸ்னியெவ்ஸ்கி என்ற, முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் லைன்மேனைக் கவனித்தேன். ஐந்து அணிகளில் ஆடியிருக்கிறார். திறமை இருந்தால் ஓர் அணியாவது பிடித்துவைத்திருக்காதா? அப்புறம், இந்த ஆட்டத்தின் விதிகளை எப்படிக் கற்பது?
கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

விதிகள் பார்க்கப் பார்க்கப் பிடிபடும், விடுங்கள். வேலை மாறி வந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, இன்னொருவர் அணி மாறியதைக் குறையாகச் சொல்கிறீர்களே, கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

2018 சூப்பர் பௌலை, அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டத்தை, ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். ஈகிள்ஸின் குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ், பந்தை எறிய வேண்டியவர், தானே பிடித்து டச்டவுன் போட்டு அணிக்குப் புள்ளி சேர்த்ததும் வீடே எழுந்து கத்தியது. நண்பரின் மாமனார் மட்டும், "முன்னாடி குனிஞ்சு நிக்கிற அஞ்சு குண்டுப் பசங்க யாரு? அவங்ககிட்ட யாருமே பந்தை எறிய மாட்டேங்கிறாங்களே?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த ஐவரில் உங்கள் விஸ்னியெவ்ஸ்கியும் ஒருவர், நடுவில் நிற்பவருக்கு இடப்பக்கம் நிற்கும் இடது கார்டு.

லைன்மேனுக்குக் கணக்கு எழுத எதுவுமில்லை. எறிந்த தூரம் இல்லை, ஓடிய தூரம் இல்லை. எதிராளியைப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங், பத்து கெஜம் அபராதம். அப்போதுதான் நடுவர் அவர் எண்ணை மைக்கில் சொல்வார். காட்டுவதற்கு எண்ணிக்கை இல்லாதவனை, சம்பளம் குறைவாக ஓர் இளைஞன் கிடைத்ததும் அனுப்பிவிடுவது நிர்வாகத்துக்குச் சுலபம். இதில் திறமையை எங்கே கொண்டுவருகிறீர்கள்?

கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் 2011 தேர்வில், விஸ்னியெவ்ஸ்கியை ரெய்டர்ஸ் அணி இரண்டாம் சுற்றிலேயே எடுத்தது. அவருடைய சித்தப்பா ஸ்டீவ், அதே ரெய்டர்ஸில் 1989 முதல் 2001 வரை வேறெங்கும் போகாமல் ஆடியவர். பெரிய ஆட்டக்காரர், ஆனால் சூப்பர் பௌல் கிடைக்கவில்லை. அண்ணன் மகன் ஜாகுவார்ஸ் போய், ஈகிள்ஸ் வந்து, 2018இல் வென்றார். அடுத்த ஆண்டே, 2019 ஆகஸ்ட் கடைசியில், 53 பேர் பட்டியலுக்கு ஆள் குறைத்தபோது அதே ஈகிள்ஸ் வெளியே அனுப்பியது. அக்டோபர் வரை வீட்டில் இருந்தார். பிறகு சீஃப்ஸ் கூப்பிட்டது. பிப்ரவரியில் அவர்களுடைய இடது கார்டாக இரண்டாவது சூப்பர் பௌல். அடுத்து ஸ்டீலர்ஸ்.

எந்த அணியும் பிடித்துவைக்கவில்லை, சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருவர் கூப்பிட்டிருக்கிறார் அல்லவா?

அடுத்த ஆட்டத்தில் கால்மணி நேரம் பந்தைப் பார்க்காமல் இடது கார்டை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், அப்போது திட்டமாட்டேன்.