கோட் யாருடைய போனுக்கு வருகிறது?

கேள்வி: கணவரின் ஸ்பொன்சரில் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. வவுனியாவில் ஏழு வருடங்கள் கணித ஆசிரியையாக இருந்தேன். சமூகக் காப்புறுதி இலக்கம், சுகாதார அட்டை, ஜி1 எனும் ஆரம்ப நிலைச் சாரதி அனுமதிப்பத்திரம், ஆசிரியர் பதிவு ஆகியவற்றில் எதை முதலில் செய்வது? எல்லாவற்றுக்கும் கணவரின் மின்னஞ்சலையே கொடுத்திருக்கிறோம். கணக்கைத் திறக்கக் கேட்கும் இரகசிய கோட் அவருடைய போனுக்கு வருவதால், ட்ரக் ஓட்டிவிட்டு அவர் வெள்ளிக்கிழமை வந்த பிறகுதான் எதையும் பார்க்க முடிகிறது.

பதில்: நீங்கள் கேட்ட வரிசை பிறகு. கடைசி வரியில், ஏதோ சிறிய அசௌகரியம்போல எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் சிக்கல். வகுப்பு நிறைந்த பிள்ளைகளுக்கு அட்சரகணிதம் கற்பித்த நீங்கள், உங்கள் பெயருக்கு வந்த கடிதத்தைத் திறக்க இன்னொருவர் வீடு திரும்பும்வரை காத்திருப்பதை எப்படி நான்கு மாதங்கள் பொறுத்துக்கொண்டீர்கள்?

நாட்டுக்குள் வந்த 180 நாள்களுக்குள் கனடிய முகவரி குடிவரவுத் திணைக்களத்திடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தவறினால் நிரந்தர வதிவிட அட்டைக்குக் கட்டணம் கட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முகவரி போய்விட்டதா என்பதைக்கூட இன்று உங்களால் தனியாகப் பார்க்க முடியாது.

உங்கள் கணவர்மீது நான் குற்றம் சொல்லவில்லை. வேலை சுலபமாக முடியட்டும் என்று தன் மின்னஞ்சலைக் கொடுத்திருப்பார். ஒற்றுமையான வீடுகளிலிருந்துதான் இத்தகைய கடிதங்கள் எனக்கு அதிகம் வருகின்றன. ஆனால் நெடுஞ்சாலையில் நாள்கணக்கில் ட்ரக் ஓட்டுபவர் ஒருநாள் வைத்தியசாலையில் படுத்துவிட்டால், காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துக் கொடுக்கவும் வாடகையைக் கட்டவும் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? மனைவியைத் தன் காலில் நிற்கவைப்பது ஸ்பொன்சர் செய்தவரின் கடமை. நிற்பது உங்கள் கடமை. அதை அவர்மீதுள்ள நம்பிக்கைக் குறைவாக யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். புதிதாக வந்த சில தம்பதியர் இரண்டு வருடங்கள் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்றிருந்த நிபந்தனையும் 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் வதிவிட உரிமை உங்களுடையது.

இனி வரிசை. முதலில் உங்கள் பெயரில் ஒரு சிம், ஒரு மின்னஞ்சல். அடுத்து, கடவுச்சீட்டையும் நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, மத்திய அரசின் சேவை அலுவலகமான சேர்விஸ் கனடாவுக்குப் போங்கள். ஒன்பது இலக்கங்கள் கொண்ட சமூகக் காப்புறுதி எண்ணை அங்கேதான் பெறவேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பிறகு உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு. வேலை இல்லாவிட்டாலும் திறக்கலாம். சுகாதார அட்டைக்கு, மாகாண அரசின் சேவை அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோவில் உங்கள் பெயரும் ஒன்ராறியோ முகவரியும் உள்ள ஆதாரம் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தமும் மின்சாரக் கட்டணமும் அவர் பெயரில் மட்டும் இருந்தால், வங்கி அனுப்பும் மாதாந்த அறிக்கைதான் உங்களுக்குக் கைகொடுக்கும். ஜி1 அவசரமில்லை, எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.

ஆசிரியர் பதிவு நீண்ட வேலை. படித்த இடத்திலிருந்து பெறுபேறுகளை நேரே அனுப்பச் சொல்வார்கள், மாதக்கணக்கில் கடிதங்கள் வந்துபோகும். அதைக் கணவரின் மின்னஞ்சலில் தொடங்கவே வேண்டாம்.

வருகிற வெள்ளிக்கிழமை அவர் சாப்பிட்டு முடித்ததும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, கொடுத்த இடங்களிலெல்லாம் மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் உங்களுடையதாக மாற்றுங்கள். கடவுச்சொல்லை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.