டிலே பெடல் மாட்டினதும் ட்ரெபிள் போயிடுதா? கெப்பாசிட்டர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதை பாருங்க

கேள்வி: அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய அனலாக் டிலே (வாசிச்சதை கொஞ்சம் லேட்டா எக்கோவா திருப்பி தர்ற பெடல்) வாங்கினேன், பெரிய பெட்டி டைப். எக்கோ செமயா இருக்கு, ஆனா பெடல் போர்டுல மாட்டினதுல இருந்து கிட்டார்ல அந்த பளிச்சுங்கிற சவுண்டே காணோம், பெடலை ஆஃப் பண்ணாலும் அப்படியேதான். சிங்கிள் காயில் கிட்டார், கிட்டார்ல இருந்து போர்டுக்கு 6 மீட்டர் கேபிள், அங்க இருந்து ஆம்ப்புக்கு இன்னொரு 6 மீட்டர். சர்வீஸ்ல காட்டினா கெப்பாசிட்டர் எல்லாத்தையும் மாத்தணும்ங்கிறாங்க. மாத்திடலாமா?

பதில்: இப்ப மாத்தாதீங்க தம்பி. உங்க கேள்விலயே பதில் பாதி இருக்கு, "ஆஃப் பண்ணாலும்"னு சொன்னீங்க பாருங்க, அதுதான் முக்கியம். டோன் போச்சுனு வர்ற பெடல்ல மொத கேள்வியே எப்ப போகுதுங்கிறதுதான்: ஆஃப்ல இருக்கப்பவா, ஆன்ல இருக்கப்பவா, இல்ல வெறும் ரிப்பீட்ல (திரும்பி வர்ற எக்கோல) மட்டுமா. மூணுக்கும் காரணம் வேற வேற. அடுத்தது, போனது ட்ரெபிளா பேஸானு பாக்கணும். கெப்பாசிட்டர் காய்ஞ்சு போச்சுனாலோ ஜாக்ல துரு பிடிச்சு சரியா தொடலைனாலோ பொதுவா பேஸ்தான் முதல்ல போகும், சவுண்டு மெலிஞ்சு கீச்சுனு வரும். உங்களுக்கு பேஸ் அப்படியே இருக்கு, மேல் பக்கம் மட்டும் போயிருக்கு, அப்போ அது பெரும்பாலும் லோடு பிரச்சனை, பார்ட்ஸ் கெட்டுப்போன கேஸ் இல்ல.

லோடுனா என்னன்னா, அந்த காலத்து பெட்டிகள்ல நிறைய எஸ்பிடிடிங்கிற சுவிட்ச்தான் போட்டு வந்தது, மூணு கால்தான் இருக்கும். அந்த சுவிட்ச் அவுட்புட் பக்கத்தை மட்டும்தான் மாத்தி விடும், இன்புட் பக்கம் சர்க்யூட் எப்பவுமே கிட்டார் மேல உக்காந்திருக்கும். நீங்க ஆஃப்னு நினைக்கிறப்பவும் கிட்டார் சிக்னல்ல ஒரு பங்கை அது இழுத்துட்டே இருக்கும், கார்ப்பரேஷன் குழாய்ல பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்ட மாதிரி. சாதா ஆம்ப் இன்புட் 1 மெகா ஓம், அது கிட்டாருக்கு பாரமே இல்ல, ஆனா பழைய பெடல் சிலதுல இன்புட் 100 கிலோ ஓம் லெவல்லதான் இருக்கும். பிக்கப்போட (கம்பி அதிர்வை சிக்னலா மாத்துற பார்ட்) டிசி ரெசிஸ்டன்ஸ் 6, 7 கிலோ ஓம்தானே, 100 கிலோ பெருசுதானேனு தோணும், மிட், பேஸ்ல அது சரிதான், அங்க ஒரு டெசிபல் கூட குறையாது. ஆனா பிக்கப்ங்கிறது சுருள், அதோட இண்டக்டன்ஸும் கேபிள் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு இடத்துல பீக் வரும், அந்த பளபளப்பு வர்றதே அங்க இருந்துதான், லோடு ஏறினா அந்த பீக்தான் முதல்ல படுத்துக்கும். அதனாலதான் வால்யூம் குறைஞ்ச மாதிரியே இருக்காது, உயிர் மட்டும் போயிருக்கும்.

கேபிளுக்கும் இதுல பங்கு இருக்கு. மீட்டருக்கு தோராயமா 100 பைக்கோஃபாரட்னு வச்சுக்கோங்க, பஃபர் (கிட்டாருக்கு பாரம் தராம சிக்னலை வாங்கி பலமா அனுப்புற சின்ன சர்க்யூட்) எதுவும் நடுவுல இல்லாதப்ப ரெண்டு பக்க கேபிளும் கூடிக்கும், உங்களுக்கு 12 மீட்டர், 1200 பைக்கோஃபாரட். 2.5 ஹென்றி பிக்கப்னா பீக் 2.9 கிலோ ஹெர்ட்ஸ்ல வந்து நிக்கும், இதே மொத்தம் 500 பைக்கோஃபாரட்டா இருந்தா 4.5 கிலோ ஹெர்ட்ஸ். இந்த வித்தியாசம் காதுக்கு நல்லாவே தெரியும். அதனால பெடலை ட்ரூ பைபாஸ் (ஆஃப் பண்ணா சர்க்யூட்டை ரெண்டு பக்கமும் கழட்டி விடுற சுவிட்ச்) ஆக்கிட்டா மட்டும் எல்லாம் சரியாயிடும்னு நினைக்காதீங்க, லோடு போகும், கேபிள் அப்படியேதான் இருக்கும். ட்ரூ பைபாஸ்னா சர்வ ரோக நிவாரணினு ஒரு நம்பிக்கை ஓடிட்டு இருக்கு, அஞ்சாறு ட்ரூ பைபாஸ் பெடலை வரிசையா வச்சு எல்லாத்தையும் ஆஃப் பண்ணா அது இன்னும் நீளமான ஒரு கேபிள், அவ்ளோதான்.

இப்ப டெஸ்ட். முதல்ல ஒரே 6 மீட்டர் கேபிள்ல கிட்டாரை நேரா ஆம்ப்ல சொருகி வாசிச்சு கேளுங்க. அப்புறம் ரெண்டு கேபிளையும் பெடல் இல்லாம ஒரு கப்ளர் போட்டு இணைச்சு கேளுங்க, இது கேபிளோட கணக்கு. அப்புறம் கப்ளர் இருந்த இடத்துல டிலே, ஆஃப்ல, இது பெடலோட கணக்கு. கடைசியா டிலேக்கு முன்னாடி ஏதாவது ஒரு பஃபர்ட் பெடலை வைங்க, பாஸ் கம்பெனி டியூனர் டியூ-3 மாதிரி ஏதாவது ஃப்ரெண்டுகிட்ட கிடைக்கும், அதுல இன்புட் 1 மெகா ஓம், அவுட்புட் 1 கிலோ ஓம், அதை ஆஃப்ல வச்சாலே போதும், ஆனா பவர் குடுத்திருக்கணும், இல்லனா சிக்னலே வராது. அதை வச்சதும் ட்ரெபிள் திரும்பி வந்துட்டா கேஸ் முடிஞ்சது, உங்க டிலே நல்லாத்தான் இருக்கு, ஒரு பார்ட் கூட மாத்த வேண்டாம்.

நம்பரா பாத்தே ஆகணும்னா ஃபோன்ல ஒரு டோன் ஆப் போட்டு 200 ஹெர்ட்ஸ் சைன் விடுங்க, ஹெட்ஃபோன் ஜாக்ல இருந்து பெடல் இன்புட்டுக்கு, பெடல் ஆஃப், ஆனா பவர் இருக்கட்டும், அவுட்புட்ல மீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு அளங்க. அடுத்து நடுவுல 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் சேர்த்து அளங்க. பாதியா விழுந்தா இன்புட் 470 கிலோ ஓம், ஆறுல ஒரு பங்குக்கு விழுந்தா 94 கிலோ ஓம்னு அர்த்தம். மலிவா வர்ற மஞ்சள் கலர் மீட்டர்ல ஏசி ரேஞ்சே 200 வோல்ட்லதான் ஆரம்பிக்கும், அது இதுக்கு ஆகாது, மில்லிவோல்ட் ஏசி காட்டுற மீட்டரா வேணும்.

தீர்வுக்கு என் ஓட்டு பஃபருக்குதான். பெடலுக்குள்ள இருக்கிற பழைய சர்க்யூட் போர்டுல சால்டர் வச்சா காப்பர் ட்ரேஸ் உரிஞ்சு வந்துடும், ட்ரூ பைபாஸுக்கு ஒன்பது கால் 3பிடிடி சுவிட்ச் போடுறது பெரிய வேலை இல்லைனாலும் காலை ரொம்ப நேரம் சூடு பண்ணா உள்ள இருக்கிற பிளாஸ்டிக் இளகி காண்டாக்ட் நகர்ந்துடும். சென்னைல இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு டிஎல்072 ஆப்-ஆம்ப் சிப், நாலஞ்சு ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வாங்கி நீங்களே ஒரு பஃபர் கட்டிக்கலாம். ஃபஸ் ஃபேஸ் மாதிரி பழைய டைப் ஃபஸ் (ஒரு வகை டிஸ்டார்ஷன் பெடல்) வச்சிருந்தா மட்டும் கவனம், அது கிட்டாருக்கு நேரா இருக்கணும், பஃபர் அதுக்கு அப்புறம்தான், மாத்தி வச்சா ஃபஸ் கரகரனு ஆயிடும்.

ஆன் பண்ணப்ப மட்டும் டோன் மாறினா கதை வேற. பழைய பெட்டி சிலதுல ப்ளெண்ட் நாப் (எக்கோ அளவை கூட்டுற திருகு) ஏத்த ஏத்த டிரை சிக்னல் (எக்கோ சேராத நேர் சவுண்டு) இறங்கும், அது டிசைனே அப்படி. ஆம்ப்போட பேரலல் லூப்ல (ஆம்ப் தன்னோட டிரையை அப்படியே விட்டு, பெடல் சவுண்டை பக்கத்துல சேர்க்கிற வழி) டிஜிட்டல் டிலே மாட்டியிருந்தா கில் டிரை (பெடல்ல இருந்து டிரை வராம நிறுத்துற செட்டிங்) போடுங்க, இல்லனா பெடலுக்குள்ள போய் ரெண்டு மில்லி செகண்ட் லேட்டா வர்ற டிரை, ஆம்ப்போட டிரையோட மோதி 250 ஹெர்ட்ஸ்ல இருந்தே பள்ளம் விழ ஆரம்பிக்கும்.

வெறும் ரிப்பீட் மட்டும் மங்கலா இருக்குனா அதுல ரிப்பேர் பண்ண ஒண்ணும் இல்ல. அனலாக் டிலேல வர்ற எம்என்3005 சிப்ல 4096 ஸ்டேஜ் (சிக்னலை ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு கைமாத்துற படி), அதுல 300 மில்லி செகண்ட் டிலே வேணும்னா க்ளாக் 6.8 கிலோ ஹெர்ட்ஸ்லதான் ஓடும், அதுல பாதிக்கு மேல இருக்கிற ஃப்ரீக்வன்சியை ஃபில்டர் போட்டு வெட்டியே ஆகணும், இல்லனா விசில் அடிக்கும். 1981ல வந்த பாஸ் கம்பெனி டிலே டிஎம்-2வும் இதே கணக்குதான். ரிப்பீட் கரகரனு உடைஞ்சு வந்தா மட்டும் உள்ள பயஸ் டிரிம்பாட் (சிப்போட வோல்டேஜை செட் பண்ற குட்டி திருகு) நகர்ந்திருக்கலாம், ஆனா திருகுறதுக்கு முன்னாடி இப்ப எந்த பக்கம் நிக்குதுனு மார்க்கர்ல ஒரு கோடு போட்டு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க.